கெஜக்கோல் முதல் கம்ப்யூட்டர் பில் வரை

மலர்க் குழுவினர் போனில் கூப்பிட்டு, "அண்ணா, உங்க பேட்ச் சார்பா ஒரு கட்டுரை வேணும். இப்பப் படிக்கிற பசங்களுக்கும் பிரயோஜனமா இருக்கட்டும்" என்றபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் 1982 முதல் 1985 வரை நம் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தவன். படித்தது பானிபட் யுத்தம். பிழைத்தது பனியன் துணியில்! இதில் மாணவர்களுக்கு நான் என்ன சொல்லிவிட முடியும்?

ஆனால் சென்ற ஆண்டு பொங்கலுக்கு என் வகுப்புத் தோழன் ஒருவன் வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்த ஒரு பேச்சு மனதில் கிடந்தது. அவன் மகள் நம் கல்லூரியிலேயே பி.காம். முடித்தவள். "மாமா, நான் ஃபேஷன் அண்ட் ரீடெய்ல் மேனேஜ்மென்ட் படிக்கலாம்னு இருக்கேன். அப்பா வேண்டவே வேண்டாங்கறார். நீங்க சொல்லுங்க" என்றாள். தோழன் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரே வரியில் முடித்தான்: "துணிக்கடையில நான் நின்னது போதும்டா. அவளும் நிக்கணுமா?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. வரலாற்று மாணவன் பதில் தெரியாதபோது என்ன செய்வான்? பின்னோக்கிப் போவான். அப்படிப் போய்ப் பார்த்ததே இக்கட்டுரை.

கடையே பள்ளிக்கூடம்

துணி விற்பதற்கு நம் ஊரில் படிப்பு என்று ஒன்று இருந்ததில்லை. கடைதான் பள்ளிக்கூடம். பையன் முதலில் கடையைப் பெருக்குவான், தண்ணீர் தெளிப்பான். பிறகு விரித்துப் போட்ட சேலைகளை மடிப்பான். மடித்து மடித்து விரலுக்கே துணி தெரிந்துவிடும். அதன் பிறகுதான் கெஜக்கோல் கைக்கு வரும். கடைசியாக, பல ஆண்டு கழித்து, முதலாளிக்கு நம்பிக்கை வந்தால் கொள்முதலுக்குக் கூட அழைத்துப் போவார். கல்லாப் பெட்டி மட்டும் பெரும்பாலும் சொந்தக்காரர் கையிலேயே இருக்கும்.

இப்படி வளர்ந்த கடைகள்தாம் இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் பெயர்கள். போத்தீஸ் 1923-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கியது. ஆர்.எம்.கே.வி. 1924-ல் திருநெல்வேலியில். நல்லி 1928-ல் சென்னையில். நெசவாளர் கூட்டுறவுக்காக கோ-ஆப்டெக்ஸ் 1935-ல் வந்தது. இவர்களுக்கெல்லாம் முன்பே, 1863-ல், மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சர் கடை வந்துவிட்டது. வெள்ளைக்காரர்களுக்கும் வசதி படைத்தவர்களுக்குமான கடை அது. சாமான்களைப் பிரிவு பிரிவாக வைத்து விற்கும் முறையைச் சென்னை அங்கேதான் பார்த்தது.

கடையில் கற்ற படிப்பு ஒன்றும் குறைந்த படிப்பு அல்ல. ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. யாருக்குக் கற்றுக்கொடுப்பது, யாரை மேலே ஏற்றுவது என்பது முதலாளியின் மனசு. வெளியில் இருந்து வந்த பையன் எத்தனை கெட்டிக்காரனானாலும் ஒரு படிக்கு மேல் ஏறுவது கஷ்டம்.

பாஸ்டனும் நியூயார்க்கும்

விற்பனையை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது அமெரிக்கா. பாஸ்டன் நகரில் லூசிண்டா பிரின்ஸ் என்ற அம்மையார் 1905-ல் கடைப்பெண்களுக்காக ஒரு விற்பனைப் பள்ளி தொடங்கினார். பெரிய கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குத் துணியின் தன்மை, கணக்கு, வாடிக்கையாளரிடம் பேசும் முறை ஆகியவற்றைச் சொல்லிக்கொடுத்தால் அவர்களுக்குச் சம்பளமும் கூடும், மரியாதையும் கூடும் என்பது அவர் எண்ணம். இதைக் கவனியுங்கள்: இந்தப் படிப்பின் வேரில் இருந்தது முதலாளியின் மகன் அல்ல, கவுண்டரில் நின்ற பெண். பின்னர் 1919-ல் நியூயார்க் பல்கலைக்கழகம் சில்லறை வணிகத்துக்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கியது.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் நியூயார்க் ஆயத்த ஆடைத் தொழிலுக்கு ஒரு கவலை வந்தது. பழைய தையல் கலைஞர்களுக்கு வயதாகிவிட்டது. அடுத்த தலைமுறை இந்தத் தொழிலுக்கு வரக் காணோம். அந்தக் கவலையில் 1944-ல் பிறந்ததுதான் ஃபேஷன் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. ஒரு தையல் தொழில் உயர்நிலைப் பள்ளியின் இரண்டு மாடிகளில், சுமார் 100 மாணவர்களோடு தொடங்கியது. நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது!

தில்லி, தரமணி, திருப்பூர்

1974 முதல் உலக ஜவுளி வர்த்தகம் கோட்டா முறையில் கட்டுண்டு கிடந்தது. எந்த நாடு எத்தனை உருப்படி அனுப்பலாம் என்பதற்கு அளவு வைத்திருந்தார்கள். எண்ணிக்கையைக் கூட்ட முடியாதவன் ஒரு உருப்படியின் மதிப்பைத்தான் கூட்டவேண்டும். அதற்கு வடிவமைப்பு தெரிய வேண்டும், சந்தை தெரிய வேண்டும். இந்நிலையில் மத்திய ஜவுளி அமைச்சகம் 1986-ல் தில்லியில் நிஃப்ட் என்ற தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கியது. அதற்குப் பாடத்திட்டத்தில் கைகொடுத்தது, மேலே சொன்ன நியூயார்க் கல்லூரிதான். உடை வரைவதற்கு ஒரு பிரிவு, உற்பத்திக்கு ஒரு பிரிவு, இவற்றோடு விற்பனை மற்றும் மெர்ச்சண்டைசிங்குக்கு என்று தனிப் பிரிவு. 'ஃபேஷன் என்றால் படம் வரைவது' என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே, அதை விற்பதும் ஒரு படிப்பு என்று பாடத்திட்டத்தில் ஏறிவிட்டது.

நிஃப்ட் 1995-ல் சென்னைக்கு வந்தது, தரமணியில் இருக்கிறது. 1997-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியில் பின்னலாடைக்கென்றே ஒரு கல்லூரி திருப்பூரில் வந்தது. கோவை வட்டாரக் கலைக் கல்லூரிகளில் ஆடை வடிவமைப்பு பி.எஸ்ஸி. பாடமாயிற்று. 2006-ல் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, நிஃப்ட் தானே பட்டம் கொடுக்கலாம் என்றது. டிப்ளமோ பட்டமானது. பெண் கேட்டுப் போகும் இடத்தில், "பையன் என்ன படிச்சிருக்கான்?" என்ற கேள்விக்கு ஒரு கௌரவமான பதில் கிடைத்தது என்றும் சொல்லலாம்.

படிக்காமல் பட்ட பாடு

இந்தப் படிப்பு எதுவும் எங்கள் காலத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. 1985-ல் பட்டம் வாங்கிய கையோடு திருப்பூருக்கு பஸ் ஏறினேன். 1920-களில் பனியன் தொழில் காலூன்றிய ஊர் அது. 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் வந்து டி-சர்ட் வாங்கிப்போன பிறகு ஊரின் திசையே மாறியிருந்தது. உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன் தைத்த ஊர், கடல் கடந்து போகும் கலர் துணி தைக்கத் தொடங்கியிருந்தது. வெள்ளைக்காரன் கடிதம் படிக்க, டெலக்ஸ் அடிக்க ஆள் வேண்டும். இங்கிலீஷ் வருமா என்றார்கள், வரும் என்றேன். அவ்வளவுதான், மெர்ச்சண்டைசர் ஆகிவிட்டேன்! அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியாது, என்னை வேலைக்கு வைத்தவருக்கும் தெரியாது.

1988-ல் வினை வந்தது. ஜெர்மனிக்கு மெரூன் கலரில் காலர் வைத்த டி-சர்ட், 8,000 பீஸ். உடம்புத் துணிக்கு ஒரு சாயப்பட்டறை, காலருக்கு வேறொரு சாயப்பட்டறை. இரண்டையும் எடுத்துக்கொண்டு கம்பெனி வாசலில் நல்ல வெயிலில் நின்று பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. கட்டிங் மாஸ்டரும் தலையாட்டினார். சரக்கு போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் டெலக்ஸ் வந்தது: எங்கள் கடை விளக்கில் காலர் தனியாக, பழுப்பாகத் தெரிகிறது!

பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன், இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர் உண்டு. வெவ்வேறு சாயக் கலவையில் வந்த இரண்டு துணிகள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும். வேறு வெளிச்சத்தில் வேறாகத் தெரியும். அதற்காகவே ஒரு விளக்குப் பெட்டி இருக்கிறது. பகல் வெளிச்சம், கடை விளக்கு, வீட்டு குண்டு பல்பு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் கலருக்கு ஒப்புதல் தரவேண்டும். இது முதல் வருட மாணவனுக்குத் தெரிந்த சங்கதி. எனக்குத் தெரியாததால் சரக்கு ஐந்தில் ஒரு பங்கு விலை குறைத்துப் போயிற்று. முதலாளி கத்தவில்லை. "தம்பி, நீ வெயில்ல பாத்தே. அது வெயில்லயா தொங்கப்போகுது?" என்று மட்டும் கேட்டார்.

நாற்பது வருடத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த பாடம் அந்தக் கேள்வி. துணி எங்கே தொங்கப்போகிறது, யார் கையில் எடுத்துப் பார்க்கப்போகிறார்கள் என்று கடைசியிலிருந்து முதலுக்கு யோசிப்பதுதான் ஃபேஷனையும் ரீடெய்லையும் ஒரே படிப்பாகச் சேர்த்த காரணம்.

கடைகள் சங்கிலியான காலம்

1991-ல் மும்பை அந்தேரியில் ஷாப்பர்ஸ் ஸ்டாப் திறந்தார்கள். 1997-ல் கொல்கத்தாவில் பேண்டலூன்ஸ். 1998-ல் டாட்டா குழுமம் வெஸ்ட்சைடைத் தொடங்கியது. 1999-ல் லைஃப்ஸ்டைல் தன் முதல் இந்தியக் கடையைச் சென்னையில் திறந்தது. 2001-ல் பிக் பஜார். வாடிக்கையாளர் தானே துணியைத் தொட்டு, எடுத்து, போட்டுப் பார்த்து, கம்ப்யூட்டர் பில்லோடு வெளியே வருகிற காலம் பிறந்தது. 2012-ல் அந்நிய முதலீட்டுக்குக் கதவு மேலும் திறந்தது. ஒரே கம்பெனிக்கு நூறு ஊரில் கடை இருந்தால், எந்த ஊருக்கு எத்தனை அனுப்புவது என்று முதலாளியின் மனக்கணக்கால் சொல்ல முடியாது. அங்கேதான் படித்தவர்களுக்கு வேலை வந்தது.

அந்தக் கணக்கு என்ன என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். ஒரு சட்டை 400 ரூபாய்க்கு வாங்கி 1,000 ரூபாய் விலை போடுகிறோம். நூறு சட்டை. எல்லாம் விற்றால் 60,000 லாபம் என்று மனம் கணக்குப் போடும். நடப்பது என்ன? 60 சட்டை முழு விலைக்குப் போகும். 25 சட்டை 30 சதவீதத் தள்ளுபடியில் போகும். மீதி 15 சட்டை ஆடித் தள்ளுபடியில் பாதி விலைக்குப் போகும். வரவு 60,000, 17,500, 7,500. ஆக மொத்தம் 85,000. வாங்கிய விலை 40,000 போக நிற்பது 45,000. பதினைந்தாயிரம் எங்கே போயிற்று? யாரும் திருடவில்லை. எம் சைஸ் குறைவாகவும் எக்ஸெல் அதிகமாகவும் வாங்கியதிலும், தீபாவளிக்கு வரவேண்டிய சரக்கு கார்த்திகைக்கு வந்ததிலும் போயிற்று. மீதியிருக்கும் 45,000-லிருந்துதான் வாடகை, கரண்டு, சம்பளம் எல்லாம். பையர், பிளானர் என்று பெயர் போட்டுக்கொள்பவர்கள் அந்தப் பதினைந்தாயிரத்தைக் குறைக்கத்தான் சம்பளம் வாங்குகிறார்கள்.

இந்த அலையில் நானும் 1999-ல் சென்னைக்கு வந்தேன், ஒரு கடைச் சங்கிலியில் கொள்முதல் பிரிவுக்கு. பெயர் வேண்டாம். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் பேசாமல் இருந்த நாள்

ஆரம்பத்தில் சொன்ன தோழன், மூன்றாம் வருடம் இரண்டு பேப்பர் அரியர் வைத்தான். அப்பா தவறிவிட்டார், தங்கைகள் இருவர். அரியரை எழுதாமலே 1985-ல் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு சேல்ஸ்மேனாகப் போனான். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு பத்து வரை நிற்க வேண்டும். கூட்டம் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. நாற்பது வயதுக்குள் கெண்டைக்கால் நரம்பெல்லாம் முறுக்கிக்கொண்டது. ஆனால் பட்டில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. சரிகையை லேசாகக் கீறி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்த்து, இது அசல் ஜரிகையா இல்லையா என்று சொல்லிவிடுவான். கல்யாண ஜவுளிக்கு வரும் கூட்டத்தில் யார் முடிவெடுப்பவர், யார் பணம் கொடுப்பவர், யார் மனம் கோணக் கூடாதவர் என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பான்.

நான் சேர்ந்த கம்பெனியில் தளப் பொறுப்பாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அவன் விண்ணப்பித்தான். விண்ணப்பத்தில் 'பட்டம் கட்டாயம்' என்று இருந்தது. தேர்வுக் குழுவில் நானும் ஒருவன். "இவர் டிகிரி முடிக்கலையே" என்று ஒருவர் தாளை ஓரமாக வைத்தார். எனக்கு அவனை எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. புதிதாகச் சேர்ந்தவன், சிபாரிசு என்று நினைப்பார்களோ என்ற பயம். அந்த இடத்துக்கு வந்த இளைஞர் நல்லவர்தான், படித்தவர்தான். அசல் ஜரிகை எது என்று மட்டும் தெரியாது.

இதை அவனிடம் சொல்ல எனக்குப் பல வருடம் ஆயிற்று. சொன்னபோது, "தெரியும்டா. அன்னிக்கு உன் செருப்பை வாசல்ல பாத்தேன்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆகவே நண்பர்களே, அவன் மகளுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "கண்ணு, படி. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சதை எழுத்துல வெக்கத் தெரியாததாலதான் அவர் கீழேயே நின்னார். நீ ரெண்டையும் கத்துக்கோ." தோழனிடம் ஒன்று மட்டும் சொன்னேன். கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்திருத்தம் வந்திருக்கிறது. கேரளத்தில் 2018-லேயே வந்தது. எல்லாக் கடையிலும் நாற்காலி வந்துவிட்டதா என்பது வேறு விஷயம். ஆனால் நாற்காலி போடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் அறையில் அவள் இருப்பாளே!

அவள் சேர்ந்தாள். இப்போது இரண்டாம் வருடம். சென்ற செமஸ்டரில் பட்டுச் சேலை விற்பனை பற்றி ஒரு புராஜக்ட். அப்பாவையே கேட்டு எழுதியிருக்கிறாள். ஆசிரியை படித்துவிட்டு, "அவரை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து வர முடியுமா?" என்று கேட்டாராம். போய் ஒரு மணி நேரம் சரிகையைப் பற்றிப் பேசியிருக்கிறான். நாற்காலி போட்டு, "உட்காருங்க சார்" என்றார்களாம். "இல்லீங்க, நின்னாத்தான் எனக்குப் பேச்சு வரும்" என்றானாம். போனில் இதைச் சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

மாணவர்களுக்குச் சில வார்த்தைகள்

இந்தப் படிப்பில் சேர நினைக்கும் தம்பி தங்கைகள் சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வரலாறோ தமிழோ படித்தவர்களுக்கு இது அடைத்த கதவு அல்ல. நிஃப்டின் இரண்டு வருட ஃபேஷன் மேனேஜ்மென்ட் முதுகலைக்கு ஏதேனும் ஒரு இளநிலைப் பட்டம் இருந்தால் நுழைவுத் தேர்வு எழுதலாம். எங்கள் காலத்தில் இதைச் சொல்ல ஆள் இருந்திருந்தால் 8,000 டி-சர்ட் தப்பித்திருக்கும்!

இரண்டாவது, பளபளவென்று விளம்பரம் செய்யும் எல்லா இடமும் ஒன்றல்ல. பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், எத்தனை வாரம் கடையிலும் தொழிற்சாலையிலும் பயிற்சி, சென்ற வருடம் முடித்தவர்கள் என்ன வேலையில் இருக்கிறார்கள், இந்த மூன்றையும் கேட்காமல் ஃபீஸ் கட்டாதீர்கள். 'அதிகபட்சச் சம்பளம்' என்று ஒருவருடையதைக் காட்டுவார்கள். நடுவில் இருக்கிறவருக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள்.

மூன்றாவது, இது நிலையான தொழில் என்று நம்பி வராதீர்கள். பிக் பஜார் என்ற பெயர் 2022-ல் கடைத்தெருவிலிருந்தே மறைந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூரே கலங்கியது. கம்பெனி போகும், கையில் கற்றது போகாது.

கடைசியாக, நீங்கள் பையராக உட்கார்ந்து ஒரு தேதியையும் ஒரு விலையையும் எழுதும்போது மறுமுனையில் மனிதர்கள் இருக்கிறார்கள். 2013 ஏப்ரலில் டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்திய நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தும் தைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நொய்யல் ஆற்றின் நிறம் மாறி, 2011-ல் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதை நமக்குப் பக்கத்து வீட்டுக் கதை. இவற்றையும் பாடமாகப் படியுங்கள்.

தோழன் இந்தச் சந்திப்புக்கு வருகிறான். மரத்தடியில், பழைய கேன்டீன் பக்கம் இருப்பான். பட்டு வாங்கும் யோசனை இருப்பவர்களும் பட்டம் வாங்கும் யோசனை இருப்பவர்களும் அவனைப் பார்த்துப் பேசலாம். ஒரு நாற்காலி மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். உட்கார மாட்டான், ஆனாலும் போடுங்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!